மீட்கப்பட்டவர்மீது தீர்ப்பு: நியூ ஹாம்ப்ஷயர் பனிமலைகளை முன்வைத்து

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் காட்டிலும் மலையிலும் தொலைந்தவர்களைத் தேடும் பொறுப்பு ஃபிஷ் அண்ட் கேம் என்ற துறையிடம் இருக்கிறது. மீன்பிடிப்பையும் வேட்டையையும் கவனிக்கும் துறை அது. குளிர்காலம் வந்துவிட்டால் அங்கிருந்து வரும் செய்திக்குறிப்புகள் ஏறத்தாழ ஒரே அச்சில் இருக்கும். மலையேறப் போனவர்கள் முகட்டில் வழி தவறினார்கள், மாலை இத்தனை மணிக்கு 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு வந்தது, இத்தனை பேர் மேலே ஏறினார்கள், நள்ளிரவு தாண்டிக் கீழே கொண்டுவந்தார்கள். கடைசி வரியில் அவர்களிடம் இல்லாதவற்றின் பட்டியல்: தலையில் மாட்டும் விளக்கான ஹெட்லேம்ப் இல்லை, பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் ஸ்னோஷூ இல்லை, காற்றைத் தடுக்கும் மேலுடை இல்லை. படித்த கையோடு ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். "இந்தக் குளிர்ல யார் போகச் சொன்னது?" "மொத்தச் செலவையும் அவங்க தலையிலேயே கட்டணும்."

தீர்ப்பே சொல்லக் கூடாது என்பது என் கட்சி இல்லை. மலையில் செய்யும் தவறுகளை எடைபோடலாம், எடைபோடவும் வேண்டும். அந்தத் தவறுகளுக்காக முன்பின் தெரியாத இருபது பேர் ராத்திரியில் பனியில் ஏறுகிறார்கள். ஆனால் நாம் பெரும்பாலும் எடைபோடுவது முடிவை. முடிவெடுத்த நேரத்தை அல்ல. அதைவிடப் பெரிய கெடுதல், இந்தத் தீர்ப்புச் சத்தம் மேலே மாட்டிக்கொண்டவரின் காதிலும் கேட்கிறது என்பது. "ஊர் என்ன சொல்லும், பில் எவ்வளவு வரும்" என்று யோசித்து அழைப்பைத் தள்ளிப்போடுகிறார். பனிமலையில் ஆளைக் கொல்வதில் அந்தத் தாமதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் மலையைப் பார்த்துவிடலாம். ஒயிட் மவுண்டன்ஸ் தொடரில் மிக உயரமான மவுண்ட் வாஷிங்டனே 1,917 மீட்டர்தான். ஊட்டி நகரம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் 1934 ஏப்ரல் 12 அன்று அந்த உச்சியில் இருக்கும் வானிலை ஆய்வகம் அளந்த காற்றின் வேகம் மணிக்கு 372 கி.மீ. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் வெப்பநிலை மைனஸ் 44 டிகிரிக்கு இறங்கியது. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் தோல் உணரும் குளிர் மைனஸ் 78. மரங்கள் சுமார் 1,400 மீட்டரிலேயே முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் பாறை, பனி, காற்று மட்டும்தான். இத்தனையும் பாஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. அந்த நெருக்கம்தான் ஆபத்து. காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பி, மதியம் துருவப் பகுதி வானிலைக்குள் நின்றுவிடலாம்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று ஃபிராங்கோனியா முகடு. நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி, ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறி, லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லாஃபாயெட் என்ற மூன்று உச்சிகளையும் முகட்டு வழியாகக் கடந்து, ஓல்ட் பிரைடில் பாதையில் இறங்கினால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். மொத்தம் சுமார் 14 கி.மீ., ஏற்றம் சுமார் 1,150 மீட்டர். கோடையில் இது ஏழு மணி நேர நடை. பனியில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். டிசம்பர் நடுவில் அங்கே சூரியன் மறைவது மாலை 4:10 வாக்கில். காலை 10 மணிக்குக் கிளம்பியவருக்கு முகட்டிலேயே இருட்டிவிடும் என்பதை மலை அடிவாரத்திலேயே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம்.

முகட்டின் திறந்த பகுதி 2.7 கி.மீ. மட்டுமே. ஆனால் அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கிறது. கார் நிற்பதும் மேற்குப் பக்கம். லாஃபாயெட் உச்சியிலிருந்து வீடு திரும்ப வேண்டுமானால் காற்றுக்கு முகம் கொடுத்து 1.8 கி.மீ. இறங்கி, குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் கிரீன்லீஃப் குடிலை அடைய வேண்டும். பனித்துகள் ஊசி மாதிரி கண்ணில் அடிக்கும். கண்ணைச் சுற்றி மூடும் காப்புக் கண்ணாடியான காகிள்ஸ் இல்லாதவரால் கண்ணைத் திறக்க முடியாது. திறக்க முடியாதவர் தன்னை அறியாமல் காற்றுக்கு முதுகைக் காட்டுவார். முதுகைக் காட்டி நடந்தால் கால் போகும் திசை கிழக்கு. அந்தப் பக்கம் பெமிஜிவாசெட் காட்டுப்பகுதி, பல கி.மீ. தூரத்துக்குச் சாலையே கிடையாது. "கார் ஒரு பக்கம் இருக்க, எதிர்ப்பக்கம் எப்படிப் போனான்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். வழி தெரியாமல் போகவில்லை, காற்று தள்ளியதால் போனார். அங்கே எடைபோட வேண்டியது அவருடைய திசையறிவை அல்ல; மரங்களை விட்டு வெளியேறும் முன் பையில் காகிள்ஸ் இருந்ததா, இல்லாவிட்டால் ஏன் திரும்பவில்லை என்பதை.

குளிரின் கணக்கும் இதே மாதிரிதான். கார் நிறுத்தும் இடத்தில் மைனஸ் 10, காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறைந்து மைனஸ் 17. முகட்டில் மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் வெற்றுத் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்த நிலையில் மூக்கு நுனியும் கன்னமும் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கும். அடிவாரத்தின் அமைதியைப் பார்த்து ஏறியவரை முட்டாள் என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் உயரமான சிகரங்களுக்கென்றே தனியாக வெளியிடும் முன்னறிவிப்பை அவர் பார்த்தாரா? அது இலவசம், இரண்டு நிமிட வேலை. கீழே இருக்கும் ஊரின் வானிலையைப் போனில் பார்த்துவிட்டு ஏறியிருந்தால் அது தவறுதான். அந்தத் தவறு நடந்தது மலையில் அல்ல, வீட்டில்.

மலையில் நடக்கும் தவறுகளை எடைபோடும்போது குளிர் மூளைக்கு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. 35-க்கும் 32-க்கும் நடுவில் உடல் கடுமையாக நடுங்கும், பேச்சு குழறும், கால் தடுமாறும், விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். 32-க்குக் கீழே நடுக்கம் நின்றுவிடும். கூட இருப்பவர் "இப்ப பரவாயில்லை போல" என்று நினைக்கும் நேரம் உண்மையில் மிக மோசமான நேரம். 28-க்குக் கீழே போனால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம். இந்த இறக்கத்தில் முதலில் கெடுபவற்றில் ஒன்று முடிவெடுக்கும் திறன். பையில் தடித்த ஜாக்கெட்டோடு, அதைப் போட்டுக்கொள்ளாமலே உறைந்துபோனவர்கள் இருக்கிறார்கள். "பையிலேயே இருந்ததே, போட்டுக்கிட்டா என்ன?" என்று வெளியே இருப்பவர் கேட்கிறார். உறைந்த விரலால் ஜிப்பைத் திறக்க முடியாது. அதற்கும் முன்பே, திறக்க வேண்டும் என்ற எண்ணமே மங்கிவிடுகிறது. இன்னும் சிலர் கடைசிக் கட்டத்தில் உடைகளைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சுருங்கியிருந்த ரத்தக்குழாய்கள் தளர்ந்து தோலுக்கு ரத்தம் பாய்வதால் உடம்பு எரிவதுபோல் தோன்றுவதாக மருத்துவர்கள் விளக்குகிறார்கள். இந்தக் கட்டத்துச் செயல்களை வைத்து ஒருவரின் அறிவை அளப்பது நியாயமே இல்லை. ஜாக்கெட்டைப் பற்றிய நியாயமான கேள்வி இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது: மரங்களின் மறைவிலேயே, விரல்கள் வேலை செய்யும்போதே, அதை ஏன் போட்டுக்கொள்ளவில்லை?

அந்த மறைவு மிக முக்கியமான இடம். லிட்டில் ஹேஸ்டாக்குக்குச் சற்றுக் கீழே, மரங்கள் குட்டையாகத் தொடங்கும்போதே நிற்க வேண்டும். ஏறும்போது வேர்த்து நனைந்த மெல்லிய கையுறையைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டி, அதன்மேல் விரல் பிரியாத தடித்த மிட்டனைப் போட வேண்டும். காற்றுத்தடுப்பு மேலுடை, முகமூடி, காகிள்ஸ் எல்லாவற்றையும் அங்கேயே அணிய வேண்டும். ஒரு வாய் தின்ன வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்திருந்தால் மேலே உறைவது பாட்டிலின் அடிப்பக்கமாக இருக்கும், மூடி திறக்கும். உறிஞ்சு குழாய் வைத்த பைகள் இந்தக் குளிரில் பயன்படாது. குழாய்தான் முதலில் உறையும். பிறகு வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். கன்னத்தில் மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு தெரிந்தால் தோல் உறையத் தொடங்கிவிட்டது. நேராக நிற்க முடியவில்லை, வழி காட்டும் அடுத்த கற்குவியல் கண்ணுக்குத் தெரியவில்லை, முகத்தில் திட்டு இருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த இடத்திலிருந்து திரும்புபவருக்கு மரங்கள் ஐந்து நிமிடத் தூரம். லிங்கன் உச்சியிலிருந்து திரும்ப நினைப்பவருக்கு அந்த வசதி இல்லை.

எதற்கு எவ்வளவு குற்றம் என்பதில் என் கணக்கைச் சொல்கிறேன்.

ஹெட்லேம்ப் இல்லாமல் போனதற்கு மன்னிப்பே இல்லை. சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. போன் வெளிச்சம் மாற்று ஆகாது. அது ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறது, குளிரில் பேட்டரி திடீரென்று செத்துவிடும், அதே போனால்தான் உதவிக்கும் அழைக்க வேண்டும். ஹெட்லேம்பிலும் சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் மங்கும். லித்தியம் பேட்டரி தாங்கும். ஒரு செட் மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். போனையும் அங்கேயே, விமானப் பயன்முறையில்.

காலில் என்ன மாட்டியிருந்தார் என்பது கொஞ்சம் நுணுக்கமான கேள்வி. மைக்ரோஸ்பைக்ஸ் என்பது ஷூவின்மேல் மாட்டும் ரப்பர்ப் பட்டையில் சிறு முட்கள் வைத்தது. மிதித்து இறுகிய பாதைக்குப் போதும். செங்குத்தான கண்ணாடிப் பனிக்கு, நீளமான உலோக முட்கள் கொண்ட கிராம்பான் வேண்டும். புதுப் பனிக்கு ஸ்னோஷூ. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதுதான் பலர் செய்யும் பிழை. குளிர்காலப் பாதை என்பது பலர் மிதித்து இறுகிய குறுகலான ஒரு திட்டு. அதிலிருந்து ஒரு அடி விலகினால் இடுப்பு வரை புதையும். மரங்கள் முடியும் இடத்தில் குட்டை ஸ்ப்ரூஸ் மரங்களைப் பனி மூடியிருக்கும். கிளைகளுக்கு அடியில் வெற்றிடம். மேலே மிதித்தால் மார்பு வரை உள்ளே போய்க் கால் கிளைகளில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை வெளியே வரவும் பல நிமிடம், வேர்வை, ஈரம். காலையில் ஒரு மணி நேரத்தில் கடந்த தூரம் சாயங்காலம் மூன்று மணி நேரம் ஆவது இப்படித்தான். ஸ்னோஷூ இல்லாமல் போனவர் பத்து முறை போய் நல்லபடியாகத் திரும்பியிருக்கலாம், அந்தப் பத்து நாளும் பாதை இறுகியிருந்ததால். பதினோராம் முறை முகட்டில் பாதையைக் காற்று மூடியிருந்தது. ஆகவே பதினோராம் நாளுக்கு மட்டும் திட்டுவதில் பொருளில்லை. பதினொரு நாளும் அதே பிழைதான். நல்லபடியாகத் திரும்பியவர்களையும் இதே தராசில் வைத்துப் பார்த்தால்தான் அது தீர்ப்பு.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே குறிக்காமல் போவது அடுத்தது. "12 மணிக்கு லிட்டில் ஹேஸ்டாக்கில் இல்லையென்றால் திரும்புகிறோம்" என்று காரிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மேலே போய்ப் பேசினால் "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்ற பேச்சுதான் ஜெயிக்கும்.

கடுமையாகத் தீர்ப்பளிக்க வேண்டிய ஒன்று உண்டென்றால் அது கூட்டத்தைப் பிரித்துவிட்டுப் போவது. வேகமாக நடப்பவர்கள் வரைபடத்தோடு முன்னால் போய்விடுகிறார்கள். மெதுவாக வருபவர், பெரும்பாலும் அனுபவம் குறைந்தவர், பின்னால் தனியாக. நியூ ஹாம்ப்ஷயரின் மலையேறுவோர் பொறுப்பு விதிகளில் சேர்ந்து கிளம்பியவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும் என்பதும் ஒன்று. மெதுவாக வருபவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். இதில் வானிலையைக் குறை சொல்ல முடியாது, குளிரைக் குறை சொல்ல முடியாது. முழுக்க மனிதர்கள் எடுத்த முடிவு.

சட்டம் என்ன சொல்கிறது? அந்த மாநிலத்தில் முன்பு, தெரிந்தே ஆபத்தில் குதித்தவரிடம்தான் மீட்புச் செலவைக் கேட்க முடியும். 2008-ல் அளவுகோலை இறக்கி, கவனக்குறைவு என்றாலே கேட்கலாம் என்று ஆக்கினார்கள். நிதானமுள்ள ஒருவர் அதே நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. 2009 ஏப்ரலில் மவுண்ட் வாஷிங்டனில் 17 வயது மாணவர் ஒருவர் கணுக்கால் சுளுக்கியபின் குறுக்கு வழியில் இறங்கப் பார்த்தார். பனி உருகி ஓடைகள் பெருகியிருந்ததால் மாட்டிக்கொண்டு மூன்று இரவுகளை மலையில் கழித்தார். கிருமிநாசினி ஜெல்லை வைத்துத் தீ மூட்டிப் பிழைத்ததற்காகப் பாராட்டினார்கள். பிறகு 25,000 டாலருக்கு மேல் பில்லும் அனுப்பினார்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு. ஒருவரின் பிழைக்கும் திறமையும் அவர் எடுத்த பிழையான முடிவும் தனித்தனி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தொகை சரியா என்பது வேறு கேள்வி. எனக்குச் சரியென்று படவில்லை.

காரணம் பணம் அல்ல, அதன் பின்விளைவு. அமெரிக்காவின் மலை மீட்புக் குழுக்களின் சங்கமான மவுண்டன் ரெஸ்க்யூ அசோசியேஷன், மீட்புக்குக் காசு கேட்பதை எதிர்த்தே வந்திருக்கிறது. ராத்திரியில் ஏறப் போகிறவர்களே காசு வேண்டாம் என்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது: பில்லுக்குப் பயந்து தாமதமாக வரும் அழைப்பு அவர்கள் உயிருக்கும் ஆபத்து. 2015 முதல் நியூ ஹாம்ப்ஷயரில் ஹைக் சேஃப் என்ற அட்டை விற்கிறார்கள். ஆண்டுக்கு ஒருவருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. அதை வாங்கியவரிடம் கவனக்குறைவுக்காகச் செலவைக் கேட்க மாட்டார்கள். அப்பட்டமான துணிச்சலுக்குக் கேட்கலாம். வேட்டை, மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் இதே விலக்கு. அந்தப் பணம் மீட்பு நிதிக்குப் போகிறது. அந்த நிதிக்குப் பனிவண்டி, படகு பதிவு செய்பவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் கட்டிவந்த காலத்தில் மலையேறுபவர்கள் எதுவும் கட்டவில்லை என்ற குறை நியாயமானது. அட்டை அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது. அந்தப் பக்கம் ஏறும் எல்லாரும் வாங்க வேண்டும்.

தாமதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அழைப்புக்குப் பிறகு நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 911-க்கு வரும் அழைப்பு ஃபிஷ் அண்ட் கேம் துறையில் பணியில் இருக்கும் அதிகாரிக்குப் போகிறது. அவர் திரும்ப அழைத்து இடம், காயம், உடை, பேட்டரி எல்லாம் கேட்கிறார். காயமில்லை, வெளிச்சம் இருக்கிறது என்றால் பல நேரம் போனிலேயே வழிகாட்டி இறக்கிவிடுகிறார். முடியாது என்றால் அதிகாரிகளையும் தன்னார்வக் குழுக்களையும் கூப்பிடுகிறார். அவர்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ இருப்பவர்கள். பையைக் கட்டி, காரை ஓட்டி, அடிவாரம் வந்து சேர ஒன்றிரண்டு மணி நேரம். அங்கிருந்து முகட்டுக்கு ஏற மூன்று நான்கு மணி நேரம். மாநிலத்தின் துணை ராணுவமான நேஷனல் கார்டின் ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் மேகமும் காற்றும் அனுமதித்தால்தான். ஆளை நடக்க வைக்க முடியாவிட்டால் ஸ்ட்ரெச்சரை ஒரு நேரத்தில் ஆறு பேர் பிடிக்க வேண்டும், சில நூறு மீட்டருக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும். ஆகவே 18 பேருக்குக் குறையாமல் தேவை. ஒரு மைல் இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிற்பகல் 3 மணிக்கு அழைத்தவரிடம் ஆள் போய்ச் சேர இரவு 8 அல்லது 9 ஆகிவிடும். 8 மணிக்கு அழைத்தவரிடம் பின்னிரவு 2 மணிக்கு. நடுங்கிக்கொண்டிருப்பவருக்கும் நடுக்கம் நின்றவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் நடந்துவிடும். நடுங்குபவருக்குச் சூடாகக் குடிக்கக் கொடுத்துக் கையைப் பிடித்து நடத்திவரலாம். நடுக்கம் நின்றவரை இருபது பேர் சேர்ந்து தூக்க வேண்டும்.

மீட்பவர்களின் உயிரைப் பற்றிய கோபம் எனக்குப் புரிகிறது. 1982 ஜனவரியில் இரண்டு இளைஞர்கள் மவுண்ட் வாஷிங்டனின் ஹண்டிங்டன் பள்ளத்தாக்கில் ஓடெல்ஸ் கல்லி என்ற பனி உறைந்த செங்குத்துப் பிளவில் ஏறினார்கள். சுமை குறைய ஸ்லீப்பிங் பேக்கைக் கீழேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஏறி முடித்தபின் இறங்காமல் உச்சியை நோக்கிப் போக, புயலில் திசை மாறி எதிர்ப்பக்கம் கிரேட் கல்ஃப் என்ற பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அவர்களைத் தேடிப் போன தன்னார்வலர் ஆல்பர்ட் டோ, ஜனவரி 25 அன்று பனிச்சரிவில் சிக்கி இறந்தார். வயது 28. இளைஞர்கள் இருவரும் உயிரோடு கிடைத்தார்கள். 17 வயதான ஹியூ ஹெர்ருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் அவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செயற்கைக் கால்களை உருவாக்கும் ஆய்வுக்குழுவின் தலைவரானார்.

இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் இழுப்பார்கள். ஒருவர் உயிர் போனதால் அந்த இளைஞர்கள் செய்தது மன்னிக்க முடியாதது என்பார்கள் சிலர். பின்னாளில் இவ்வளவு பேருக்குக் கால் கொடுத்தாரே என்பார்கள் சிலர். இரண்டுமே அன்றைய முடிவை எடைபோட உதவாது. டோவின் மரணம் பனிச்சரிவால் வந்தது. சரிவு விழாமல் போயிருந்தாலும் புயலில் உச்சியை நோக்கி நடந்தது அதே அளவு தவறு. ஹெர்ரின் கண்டுபிடிப்புகள் அந்தத் தவறைச் சரியாக்கவும் இல்லை. எடைபோட வேண்டிய இடம் அந்தப் பிளவின் மேல்முனை. மேலே புயல், கையில் இரவைத் தாங்கும் படுக்கை இல்லை, இறங்க வழி தெரியும். அந்த நேரத்தில் இறங்குவதா, இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்ப்பதா? இப்படிக் கேட்டால்தான் அடுத்தவர் அதே இடத்தில் நிற்கும்போது பயன்படும். அமெரிக்கன் ஆல்பைன் கிளப் ஆண்டுதோறும் தொகுக்கும் விபத்து அறிக்கைகளின் முறையும் இதுதான்: என்ன நடந்தது, எந்த இடத்தில் வேறு முடிவு எடுத்திருக்கலாம். வசைச் சொல்லுக்கு அதில் இடமில்லை.

மேலே இருக்கும்போது சூழ்நிலை கைமீறுகிறது என்று தோன்றினால் செய்ய வேண்டியவை. முதலில் காற்றிலிருந்து விலகி மரங்களுக்குள் இறங்கப் பாருங்கள், வந்த பக்கமாக. முடியாவிட்டால் பாறை மறைவு. பனிமேல் நேராக உட்காரக் கூடாது. ஃபோம் பாயை விரித்து அல்லது பையைப் போட்டு அதன்மேல் உட்கார வேண்டும். ஒருவர் தடுமாறிக் குழறத் தொடங்கிவிட்டால் அவரை நடக்கவைத்துச் சூடேற்றலாம் என்று பார்க்காதீர்கள். முதல் அரை மணி நேரமாவது உட்கார்ந்தோ படுத்தோ இருக்கட்டும். காற்றில் அவருடைய ஈர உடையைக் கழற்ற வேண்டாம். உடையோடு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக், அதன்மேல் காற்றுத் தடுப்புத் தார்ப்பாய், அடியில் ஃபோம் பாய். சூடாக்கும் பொட்டலங்களை அக்குளிலும் நெஞ்சிலும் துணிக்கு மேல் வைக்க வேண்டும். தோலில் நேராக வைத்தால் வெந்துவிடும். விழுங்க முடிகிறவருக்கு இனிப்பான சூடான பானம், சாக்லேட். மது கூடாது. கை கால்களைத் தேய்க்கக் கூடாது. நடுக்கம் நின்றவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கிடைமட்டமாகக் கையாள வேண்டும். முரட்டு அசைவே இதயத்தை நிறுத்தலாம். உறைந்த விரலை, மறுபடி உறைய வாய்ப்பிருக்கும் வரை உருக்கக் கூடாது.

அழைக்கும்போது முதலில் ஜிபிஎஸ் எண்களைச் சொல்லிவிடுங்கள், தொடர்பு எந்த நொடியும் அறுந்துவிடும். பிறகு எத்தனை பேர், யாருக்கு என்ன காயம், உடை நனைந்திருக்கிறதா, என்ன வெளிச்சம், பேட்டரி எத்தனை சதவீதம், மேலே காற்றும் மேகமும் எப்படி. திரும்ப எத்தனை மணிக்குப் பேசுவது என்று முடிவுசெய்துகொண்டு போனை அணைத்து உடம்போடு வையுங்கள். இடத்தைச் சொல்லிவிட்டால் அவர்கள் சொல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். சிக்னல் இல்லாத இடத்துக்கு ஐபோன் 14 முதல் வரும் மாடல்களில் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் வசதி உண்டு. அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஒருவேளை மேகம் விலகி நீங்களே இறங்கி வர முடிந்தால், அதிகாரியிடம் பேசிவிட்டு இறங்குங்கள்; கீழே வந்து சேர்ந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காலியான முகட்டை நோக்கி ஒரு குழு ஏறிக்கொண்டே இருக்கும். பாதி வழியில் திரும்ப நேர்வதை அந்தக் குழுவினர் யாரும் வீண் அலைச்சலாகக் கருதுவதில்லை.